மறைந்தவர் பெயர்: கட்டாயம் நிரப்பவும்

கைப்பேசி எண் கேட்கும் பெட்டியில் கணவனின் எண்ணைப் போட்டுவிட்டு, அதன் கீழே 'லோ' என்ற ஓரெழுத்தைத்தான் தட்டினாள் லோஷினி. மீதியைப் பெட்டி தானே நிரப்பிக்கொண்டது. லோஷினி, ரோகிணி நட்சத்திரம்.

அங்கே ஒன்றும் வராது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது ஒரு கோயிலின் அர்ச்சனை முன்பதிவுப் படிவம். ஜொகூர் பாருவில் வேலு சார் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு, கெலாங் பாத்தாவில் தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தபடி இணையப் பக்கங்கள் செய்துகொடுப்பவள் அவள். கோயில் கவுன்டரில் இதுவரை எழுதி வாங்கிய அர்ச்சனைச் சீட்டுகளையெல்லாம் யாரோ பொறுமையாகக் கணினியில் ஏற்றிவைத்திருந்தார்கள். பக்தர் தம் எண்ணைப் போட்டதும், அந்த எண்ணில் முன்பு கொடுத்த பெயர்கள் மட்டும் கீழே வந்து விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் பேரன் பேத்தி நட்சத்திரத்தைத் தேடி யாரும் அல்லாட வேண்டாம்; பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் பெயர்களும் தெரிந்துவிடக் கூடாது. அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ஓர் எண் வேண்டியிருந்தது. தன் எண்ணைவிட ரூபேந்திரனின் எண்தான் அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும். கல்யாணமான பெண்களுக்கு இதுவும் ஒரு வியாதி.

சாமியாவது பூதமாவது என்று பேசுகிற ஆள் ரூபேந்திரன். தைப்பூசத்துக்குக் கூப்பிட்டால் கால்வலி வந்துவிடும். அப்படிப்பட்டவன் அவளுக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்திருக்கிறான். திருட்டுப் பயல், வரட்டும், இன்று வைத்துக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

போன வாரம் இந்த வேலையைப் பற்றி அவனிடம் சொன்னபோது, எந்தக் கோயில் என்று கேட்டான். பெயரைச் சொன்னதும் சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. வெட்கப்பட்டிருக்கிறான் என்று இப்போது புரிந்தது.

வெளியே மழை வரப் பார்த்தது. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈர மண் வாசனையோடு வேறு ஏதோ ஒன்றும் கலந்திருந்தது, திரி அணைந்தபின் வருமே, அந்தக் கருகல். அவள் எழுந்து சாமி மேடையைப் பார்த்தாள். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. திரும்பி வந்து படிவத்தைக் கீழே நகர்த்தினாள்.

கீழ்ப்பாதி மோட்ச தீபத்துக்கானது. 'மறைந்தவர் பெயர்' என்று எழுதி, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்கு ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி. அதிலும் 'லோ' என்று தட்டினாள்.

லோஷினி, ரோகிணி நட்சத்திரம்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சகுனம் பார்க்கிறவள் இல்லை என்றாலும் கை தானாகப் போய் அதை அழித்தது. மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் ஒரே பெயர்ப் பட்டியலைக் காட்டிவிட்டிருப்பேன். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகூடச் செய்யும் தப்பு. இதை வேலு சார் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். மேல் பெட்டி அர்ச்சனைப் பெயர்களிலிருந்துதான் எடுத்தது. கீழ்ப் பெட்டி மோட்ச தீபப் பெயர்களிலிருந்துதான். தப்பே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பக்கத்தைப் புதுப்பித்து, வேலு சாரின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். மேலே அவர் மனைவி மக்கள் பெயர், கீழே போன வருடம் இறந்துபோன அவருடைய அப்பா பெயர். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ரூபேந்திரனின் எண்ணுக்கு மட்டும் மேலேயும் கீழேயும் அவள் பெயரே வந்தது.

பெட்டி தானாக எதையும் கற்பனை செய்யாது. யாரோ முன்பு கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். அதை அப்படி அமைத்தவளே அவள்தான்.

மழை பிடித்துக்கொண்டது. கார் போர்ச்சின் தகரத்தில் விழுந்த சத்தம் வீட்டையே மூடியதுபோல் இருந்தது. போர்ச்சில் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அதை அப்போதுதான் அவள் கவனித்தாள். பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர்த் துவாஸில் இருக்கும் வேலைக்கு ரூபேந்திரன் எப்போதும் மோட்டாரில்தான் போவான். பாலத்தில் கார் வரிசையில் மாட்டினால் பொழுது விடிந்துவிடும் என்பான். இன்று ஏன் காரை எடுத்துப் போனான்? காலையில் படுக்கையைச் சரிசெய்தபோது அவள் பக்கத்துத் தலையணையைக் காணவில்லை. அலமாரியில் அவளுடைய பாத்திக் அங்கியும் இல்லை. துவைக்கப் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டாள். அவன்தான் இப்போதெல்லாம் வீட்டு வேலை முழுவதையும் பார்க்கிறானே.

டெங்கி வந்து அவள் படுத்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். அந்தக் காய்ச்சலைப் பற்றி அவளுக்கு அதிகம் நினைவில்லை. ஆம்புலன்ஸின் வெள்ளைக் கூரை. யாரோ அவள் பெயரை மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்கு அடுத்து நினைவுக்கு வருவது இந்த வீட்டுச் சமையலறை. அவள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்த ரூபேந்திரன், அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். பிறகு எழுந்து வந்து அவள் நீட்டிய தேநீரைக் குடித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி வந்தோம், யார் கூட்டி வந்தார்கள் என்று அவளுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கும் என்று நினைத்தாள். கையில் ஊசி போட்ட தழும்புகூட இல்லை. நல்ல ஆஸ்பத்திரிதான் என்று அதற்கும் ஒரு சமாதானம்.

அன்றிலிருந்து தாங்கு தாங்கு என்று தாங்கினான். உடம்பு இன்னும் தேறவில்லை, வெளியே போகாதே என்றான். சாமான்களை அவனே வாங்கி வந்தான். பார்க்க வந்த அடுத்த வீட்டு அக்காவை கேட்டிலேயே பேசி அனுப்பினான். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குக் காலெல்லாம் மரத்துப்போகும், தரையில் அங்கங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அவன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூட மாற்றாமல், மாப்பை எடுத்து வீடு முழுவதையும் துடைப்பான். எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று அவள் பூரித்துப்போயிருந்தாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை.

கோயில் கவுன்டரில் இருக்கும் யோகேஸ்வரியை அழைத்தாள். படிவம் சம்பந்தமாக இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இவள் 'வெப் செய்ற அக்கா', பெயர் தெரியாது.

"சொல்லுங்கக்கா. ஃபாரம் ரெடியா லா?"

"இல்லம்மா. ஒரு நம்பர்ல மேலயும் கீழயும் ஒரே பேரு வருது. லோஷினி, ரோகிணி. டேட்டா தப்பா ஏறிடுச்சா?"

"ஓ, ரூபேந்திரன் அண்ணன். தப்பு இல்லக்கா. அவரு அப்படித்தான் எழுதச் சொல்வாரு. வெள்ளிக்கிழமை தவறாம வருவாரு. வைஃபுக்கு ஒடம்பு நல்லாவணும்னு ஒரு அர்ச்சனை. அதே பேருக்கு ஒரு மோட்ச தீபம்."

"அதெப்படி ரெண்டும் எழுதுவீங்க?"

"அலமாக், நானும் அதான் கேட்டேன். குருக்கள்கூட முடியாதுன்னுட்டாரு. உசுரோட இருக்கறவங்களுக்கு ஏத்தக்கூடாதாம். அண்ணன் அவரு கால்ல விழுந்துட்டாருக்கா." யோகேஸ்வரியின் குரல் தணிந்தது. "ஒண்ணு ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடக்குது சாமி, ஒண்ணு வீட்டுல உக்காந்திருக்குன்னு சொன்னாரு. எனக்கு இங்க கையெல்லாம் சிலுத்துப்போச்சு."

லோஷினி கைப்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஆனா நல்ல சேதிக்கா. அவங்க முழிச்சு ரெண்டு வாரம் ஆச்சாம். இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாரு. அதனால இன்னிக்குக் கடைசி தீபம், பெருசா ஏத்தச் சொல்லியிருக்காரு. குருக்கள் இப்பத்தான் எண்ணெய் ஊத்துறாரு."

"நிறுத்தச் சொல்லும்மா."

"என்னக்கா?"

"நிறுத்தச் சொல்லு. நான்தான் லோஷினி."

"கேக்கலக்கா. கரகரங்குது. மழையா அங்க?"

தொடர்பு அறுந்தது. யோகேஸ்வரி வைத்தாளா, தானாக நின்றதா என்று தெரியவில்லை.

முதலில் வந்தது பயமில்லை. ஆத்திரம்தான். யாரையோ வைத்துக்கொண்டிருக்கிறான், அவளை வீட்டுக்குக் கொண்டுவர என்னைச் செத்தவளாக்கிவிட்டான் என்று நினைக்கத்தான் அவள் மனம் ஓடியது. அப்படி மட்டும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சாதாரணமான துரோகம். ஊரில் நாலு பேருக்கு நடப்பது. அழலாம், அடிக்கலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். அம்மா வீடு பெக்கான் நானாஸில். அங்கே போக இந்த வீட்டு கேட்டைத் தாண்ட வேண்டும். திரும்பி வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அதை அவள் தாண்டவில்லை. அவன் போக விடவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். தழும்பு இல்லை. ஊசி ஏறிய இடம் இல்லை. சின்ன வயதில் ரப்பர்ப் பால் பிடிக்கும் சிரட்டையை உடைத்து வாங்கிய வெட்டுக்காயம் இருக்க வேண்டும். இடது மணிக்கட்டில். அதுவும் இல்லை. இருப்பதாக ஞாபகம் மட்டும் இருந்தது.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அவள் வாய்விட்டுச் சொன்னாள். இந்த இரண்டு மாதமும் அவள் சமைத்ததைத் தின்றான். அவள் தோளில் முகம் புதைத்துத் தூங்கினான். நீ இல்லாவிட்டால் நான் இல்லை என்று இருட்டில் சொன்னான். அப்படிச் சொன்ன வாயால்தான், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக, இவள் போய்விட வேண்டும் என்று குருக்களிடம் வேண்டிக்கொண்டிருக்கிறான். அவள் யாராக இருந்தால் என்ன? எதுவாக இருந்தால் என்ன? அவனுக்குத் தேநீர் போட்டவள் அவள். நெஞ்சு வெடிப்பதுபோல் வலித்தது. வலிக்கும் இடத்தில் கையை வைத்தாள். துடிப்பு தெரியவில்லை.

அப்போதுதான் கோயிலில் தீபத்தை ஏற்றியிருக்க வேண்டும். உள்ளங்காலில் சுள்ளென்று பிடித்தது. கருகல் வாசனை இப்போது காற்றில் வரவில்லை. அவள் கூந்தலிலிருந்து வந்தது.

அவனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

பின்னால் கார் வைப்பரின் சத்தம் கேட்டது. "தெரு திரும்பற சிம்பாங்கிட்ட வந்துட்டேம்மா." அவன் குரல் எப்போதும்போலக் கனிவாக இருந்தது. "டீ போட்டு வை."

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். பலவீனமான குரல். லோஷினி தினமும் தன் வாயிலிருந்து கேட்கும் குரல்.

"யாருங்க போன்ல?"

"ஆபீஸ்ல இருந்தும்மா" என்றான் ரூபேந்திரன். இரண்டு பேரையும் ஒரே 'ம்மா' போட்டுத்தான் கூப்பிட்டான்.

அவள் சமையலறைக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கேட்டான், அதனால் போனாள். தண்ணீர் கொதித்தது. பால் டின்னைக் கவிழ்த்தாள், தேயிலையை வடிகட்டினாள். டம்ளரைப் பிடித்த விரல்களில் சூடு தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வரவேற்பறையிலிருந்து சமையலறை வரைக்கும் வெள்ளைத் தரையில் அவள் பாதங்கள் பதிந்திருந்தன. ஈரமில்லை. எண்ணெய். நல்லெண்ணெய். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் திரிக் கரிபோல ஒரு கருப்பு.

கார் வந்தது. கேட் திறக்கும் கிரீச் சத்தம். கார்க் கதவு ஒன்று. பிறகு இன்னொன்று.

டம்ளரை வரவேற்பறை மேசைமேல் வைத்துவிட்டு, கிரில் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ரூபேந்திரன் குடையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஒருத்தியை இறக்கினான். அவளுடைய பாத்திக் அங்கி. அவளுடைய தலையணையை அவன் கக்கத்தில் இடுக்கியிருந்தான். இறங்கியவளுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கையெல்லாம் ஊசி போட்ட கருநீலம். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. அதன் கீழே, நெடுக்காக, ரப்பர்ச் சிரட்டை வெட்டிய தழும்பு.

முகம் அவளுடையது.

ரூபேந்திரன் நிமிர்ந்தான். கிரில்லுக்குப் பின்னால் நிற்பவளை நேராகப் பார்த்தான். அவன் பயப்படவில்லை. போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய விருந்தாளி இன்னும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்தவன்போல அவன் முகம் கோணியது.

"யாரைப் பாக்கறீங்க?" என்றாள் வந்தவள்.

"யாருமில்லம்மா. வா."

கதவைத் திறந்து அவளைத் தாண்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். வந்தவளின் தோள் அவள் தோளில் பட்டிருக்க வேண்டும். எதுவும் படவில்லை. வந்தவள் சோபாவில் மெல்ல உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் ஆவி பறந்த டம்ளரை இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே நான் போடற மாதிரி இருக்கு. யாரு போட்டா?"

"நான்தான்" என்றான் அவன். "காலையில போட்டு பிளாஸ்க்ல வச்சேன்."

'நான்தான்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தீபத்தைத் தாங்கினாள். பெயர் போனதைத் தாங்கினாள். அந்த டம்ளர் தேநீரை மட்டுமாவது அவளுடையது என்று அவன் விட்டிருக்கலாம்.

வந்தவளைப் படுக்கையறையில் படுக்க வைத்து, தலையணையை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தான் ரூபேந்திரன். சட்டையை மாற்றவில்லை. பின்கட்டுக்குப் போய் வாளியும் மாப்பும் எடுத்து வந்தான்.

"என்னை ஏன் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். குரல் திரி பொரிவதுபோல வந்தது. "அன்னிக்கே போன்னு சொல்லியிருக்கலாமே."

அவன் தலையைத் தூக்கவில்லை. மாப்பைப் பிழிந்தான்.

"தனியா இருக்க முடியல" என்றான்.

துடைக்கத் தொடங்கினான். மேசையடியிலிருந்து. முதல் தடம் போனது. அடுத்த தடம். அழுதுகொண்டே துடைத்தான், கண்ணீரைப் புறங்கையால் வழித்துக்கொண்டு, ஒரு மூலை விடாமல், எப்போதும்போல் சுத்தமாக. அவள் ஓரடி பின்வாங்கினாள். அந்த இடத்தில் புதுத்தடம். அதையும் துடைத்தான். இன்னோர் அடி. சமையலறை. அடுப்பு மேடை. முதுகில் சுவர்.

மேசைமேல் கணினி இன்னும் திறந்திருந்தது. மறைந்தவர் பெயர். சிவப்புக் குறி. காலிப் பெட்டியில் கோடு விட்டு விட்டு மின்னியது.

"ரூபன்" என்றாள்.

படுக்கையறையிலிருந்து அதே குரல் அதே நேரத்தில் கூப்பிட்டது. "ரூபன்."

"தோ வந்துட்டேம்மா" என்றான் அவன், படுக்கையறைப் பக்கம் திரும்பி.

மாப்பு அவள் கால்விரலைத் தொட்டது. தடத்தோடு அந்த விரலையும் துடைத்துக்கொண்டு மேலே போனது.